குருமன்காட்டு வீட்டை விற்பது குறித்து மகளுக்கு

வவுனியா
08.09.2024

அன்புள்ள மகளுக்கு,

இங்கு நானும் அம்மாவும் சுகம். அங்கு கனடாவில் நீயும் பிள்ளைகளும் மருமகனும் சுகமாயிருக்க வேண்டுமென்று கந்தசாமியாரை வேண்டுகிறோம். உனக்குச் சீதனமாய்த் தந்த குருமன்காட்டு வீட்டை விற்றுத் தரும்படி நீ அனுப்பிய குரல்பதிவை நான்கு தடவை கேட்டேன். இரண்டு நிமிடம்கூட இல்லாத அந்தப் பதிவில் 'கெதியாய்' என்ற சொல் ஐந்து முறை வருகிறது. தொலைபேசியில் பேசினால் பாதியில் அம்மா வாங்கிக்கொள்வார் என்பதால் எழுதுகிறேன். தம்பி இதைப் படமெடுத்து அனுப்புவான்.

கெதியாய் விற்கலாம், ஆனால் அந்தக் கெதிக்கு விலையில் எவ்வளவு கழிக்க நீ ஆயத்தம் என்பதை முதலில் யோசி. நமது ஒழுங்கையில் மட்டும் இப்போது மூன்று வீடுகளில் 'விற்பனைக்கு' என்று பலகை தொங்குகிறது, மூன்றின் சொந்தக்காரரும் வெளிநாட்டில்தான் இருக்கிறார்கள். முனை வீட்டுப் பலகையில் தொலைபேசி இலக்கம் வெயிலில் வெளிறிப்போய், போன மாதம் திரும்பவும் மையால் எழுதியிருக்கிறார்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறியபோது வெளிநாட்டுக்காசு வைத்திருந்தவர்கள் கேட்ட விலையைக் கொடுத்தார்கள், அந்த விலையையே இன்னும் மனத்தில் வைத்திருப்பவர்களுடைய பலகைகள்தான் வெளிறுகின்றன. நாம் செலவழித்ததையோ அந்த வீட்டில் யார் ருதுவானார்கள் என்பதையோ வாங்குபவன் கணக்கில் எடுக்கமாட்டான். இந்த வருடம் அயலில் உண்மையில் கைமாறிய விலை என்ன என்று காணி உறுதி எழுதும் நொத்தாரிசிடம் விசாரித்துத்தான் நமது விலையைச் சொல்ல வேண்டும்.

வவுனியாவில் வீடு பார்க்க வருபவன் ஹோலுக்குள் வருவதற்கு முன்பே கிணற்றடிக்குப் போய்விடுவான். நேற்றுக் காலை கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்தேன், இந்த வறட்சியிலும் ஏழு அடி தண்ணீர் நிற்கிறது. ஆகவே ஆட்களுக்கு இப்போதே காட்ட வேண்டும், மாரி தொடங்கிவிட்டால் எல்லோருடைய கிணறும் ஒரே மாதிரித்தான் தெரியும். கூரை அதற்கு நேர்மாறு. மேற்கு அறையின் முகட்டு ஓடு விலகி, சீலிங்கில் தேநீர்க் கறைபோல ஒரு வட்டம் விழுந்திருக்கிறது. அந்த இடத்துக்கு மட்டும் பெயின்ற் அடித்துவிடலாம் என்றான் தம்பி. ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயின்றைக் கண்டவன் ஏணி கேட்பான் என்று சொல்லி, முகட்டு ஓடுகளையே மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

நம்மிடம் மற்ற மூன்று வீட்டுக்காரரிடமும் இல்லாத ஒன்று இருக்கிறது, அது உன் கோப்பு. உன் சீதன உறுதி, நில அளவைப் படம், கட்டட அனுமதி, வீதிக்கோட்டுச் சான்றிதழ், இவ்வருடம் வரை ஆதனவரி கட்டிய துண்டுகள் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறேன். வங்கிக்கடனில் வாங்குபவர்களுக்கு 30 வருட உரித்துத் தொடர்ச்சி காட்ட வேண்டும், முனை வீட்டின் மேல்மாடிக்கு அனுமதியே இல்லை. அரசாங்கக் கச்சேரியின் காணிக் கிளையில் 31 வருடம் இருந்தவனின் மகளுக்குக் காகிதத்தில் ஒரு குறையும் இராது. குறை இருக்குமென்றால் அது என்னால் பார்க்க முடியாத இடத்தில்தான் இருக்கும்.

இதுவரை இரண்டு பேர் வந்துபோனார்கள். சுவிசிலிருந்து வந்தவர் கூடுதலான விலை சொல்லுகிறார். ஆனால் அவரிடம் இரட்டைக் குடியுரிமை இல்லை. 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவருக்குக் காணி எழுதுவது இலேசான காரியமல்ல என்பதால் தன் மாமியின் பெயரில் எழுதலாமா என்று கேட்கிறார், மாமியோ இன்னும் சம்மதிக்கவில்லை. மற்றவர்கள் ஆசிரியத் தம்பதி. அவர்கள் விலையைக் குறைத்துத்தான் கேட்கிறார்கள், ஆனால் வங்கியில் கடனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என் மனம் அவர்கள் பக்கம். முற்பணம் யாரிடம் வாங்கினாலும் நொத்தாரிசு முன்னிலையில் உடன்படிக்கை எழுதித்தான் வாங்குவேன், வாய்ப்பேச்சுக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை. முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம் என்று வாங்குபவர் கட்டுவது. அதைக் குறைப்பதற்காக உறுதியில் விலையைக் குறைத்துப் போடச் சொல்லிக் கேட்பார்கள், நீ ஒப்புக்கொள்ளாதே. 2018 முதல் மூலதன ஆதாய வரியும் உண்டு. கடைசி மூன்று வருடத்தில் இரண்டு வருடமாவது அந்த வீட்டில் குடியிருந்த சொந்தக்காரருக்குத்தான் விலக்கு, உனக்கு அது பொருந்தாது.

எல்லாவற்றிலும் முக்கியம், உன் அவசரத்தை எவருக்கும் சொல்லாதே. தரகர் உன்னை வட்ஸ்அப்பில் பிடித்து நயமாகக் கேட்பார், அவருக்கும் சொல்லாதே. விற்பவனுக்கு அவசரம் என்று தெரிந்த அன்றே விலை விழுந்துவிடும். அங்கே வீட்டுக்கடன் வட்டி கூடிவிட்டது என்று காரணம் சொன்னாய். 2023 யூலையில் 5 வீதம் வரை ஏறிய கனடிய மத்திய வங்கியின் வட்டி, இந்த யூனிலிருந்து இறங்கி வருவதாகப் பத்திரிகையில் வாசித்தேன். குறை பிடிப்பதற்காக எழுதவில்லை, கண்ணில் பட்டதால் எழுதுகிறேன்.

உனக்காக நான் இங்கே ஒப்பமிட அதிகாரம் தரும் அற்றோர்ணித் தத்துவத்தில் ரொறன்ரோவிலுள்ள நமது துணைத்தூதரகத்தில் நீ ஒப்பமிட வேண்டும். அதோடு, உறுதி உன் பெயரில் மட்டும் இருந்தாலும், வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையா ஆதனத்தை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சொல்லுகிறது. மருமகன் எப்போது ஒப்பமிடுவார் என்று நொத்தாரிசு கேட்டார். வேலைப்பளு, இந்த மாதத்துக்குள் அனுப்புவார் என்றேன். சித்திரை வருடப்பிறப்புக்கு நாங்கள் தொலைபேசி எடுத்தபோது மருமகன் குளித்துக்கொண்டிருந்தார். ஆடிப்பிறப்புக்கு எடுத்தபோது வேலைக்குப் போய்விட்டார். சின்னவனின் பிறந்தநாள் படத்தில் கேக்கை வெட்டும் கைகள் இரண்டுதான் தெரிந்தன, படம் எடுத்தது அவராக இருக்கலாம் என்று அம்மா சொல்லுகிறார்.

அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு, பொதுவாகத் தெரிந்திருக்க வேண்டியது என்பதால் எழுதுகிறேன். கணவன் கைவிட்டுப் போயிருந்தாலோ, இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்ந்தாலோ, அவர் இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, நியாயமில்லாமல் சம்மதம் மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து அவருடைய சம்மதம் இல்லாமலே விற்க அனுமதி பெறலாம். என் சேவைக்காலத்தில் அப்படி அனுமதி பெற்ற பெண்கள் சிலரின் கோப்புகள் என் கையால் போயிருக்கின்றன. அவர்களில் எவரையும் நான் குறைவாக நினைத்ததில்லை.

சம்மதம் என்று எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. பண்டாரிகுளத்தில் அம்மாவின் சீதனக் காணி 4 பரப்பு இருந்தது உனக்கு ஞாபகமிருக்கும். 1996இல் அண்ணாவை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு ஏஜென்சிக்காரன் கிழமைக்குள் காசு கேட்டான். யாழ்ப்பாணத்து இடப்பெயர்வுக்குப் பிறகு வவுனியாவில் காணி தேடி அலைந்தவர்கள் எத்தனையோ பேர். ஒரு மாதம் பொறுத்திருந்தால் நல்ல விலை வந்திருக்கும். நானோ முதலில் வந்தவரிடமே ஏஜென்சிக்காரன் தந்த தவணையைச் சொல்லிவிட்டேன், அவர் சிரித்துக்கொண்டே பாதி விலை சொன்னார், நான் தலையாட்டினேன். அந்த உறுதியில் விற்பவர் அம்மா, சம்மதம் கொடுத்த கணவன் நான். உண்மையில் விற்றவன் நான். அம்மாவின் சம்மதத்தை ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மேசையில் பேனாவை எடுத்து நீட்டினேன், எங்கே ஒப்பமிடுவது என்று மட்டும் கேட்டு அம்மா ஒப்பமிட்டார். இன்று வரை அந்தக் காணி வழியே போகமாட்டார், கோயிலுக்கும் குளக்கட்டால் சுற்றித்தான் போகிறார். 28 வருடத்தில் இதைப்பற்றி நாங்கள் ஒரு சொல்லும் பேசியதில்லை.

ஆகவே உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த வீட்டை விற்க வேண்டுமென்று முடிவெடுத்தது நீதானா? நீதான் என்றால் காரணத்தைச் சொல்லத் தேவையில்லை, நான் விற்றுத் தருவேன். வேறு யாராவது பேனாவை நீட்டுகிறார்கள் என்றால், அற்றோர்ணித் தத்துவத்தை அனுப்பாதே. தபாலில் தவறிவிட்டது என்று நொத்தாரிசிடம் நான் சொல்லிக்கொள்வேன். ஆசிரியத் தம்பதியிடமும் அவசரமில்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

அவர்கள் அடுத்த ஞாயிறு திரும்பவும் வருவதாகச் சொன்னார்கள். மேற்கு அறையில் உன் பெட்டிகளும் தையல் மெசினும் இருப்பதால் அதைத் திறந்து காட்டவில்லை. திறப்பு அம்மாவின் சேலை முடிச்சில் இருக்கிறது, கேட்டால் தருகிறாரில்லை.

அன்புடன்,
அப்பா