சைக்கிளை விட்டவர்கள் சோம்பேறிகள் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூரில் பெரியவர்கள் சைக்கிளைக் கைவிட்டதற்கு வெயிலும் சோம்பலுமே காரணம் என்று தங்கள் இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். விருதம்பட்டிலிருந்து பாலாற்றுப் பாலத்தைக் கடந்து, லாங்கு பஜாரில் உள்ள மண்டி ஒன்றுக்குக் கணக்கு எழுத முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சைக்கிளிலேயே போய்வருகிறவன் என்ற முறையில், இதை என்னால் ஏற்க முடியவில்லை.

கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது என்பது உண்மைதான். ஆனால் வாடகை சைக்கிள் கடைகள் தெருவுக்குத் தெரு இருந்த நாளிலும் இதே அக்கினி நட்சத்திரம்தான் அடித்தது. வேலைக்குப் போகிறவர்கள் உச்சி வெயிலில் பயணம் செய்வதும் குறைவு. சைக்கிள் இல்லாததும் காரணமன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 வீடுகளில் சைக்கிள் இருந்தது. ஆனால் விவசாயமும் வீட்டுத்தொழிலும் அல்லாத பிற வேலைகளுக்குச் செல்வோரில் நூற்றுக்குச் சுமார் 13 பேர்தாம் அதில் போனார்கள். நம் மாநிலத்தில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசே சைக்கிள் கொடுக்கிறது. பள்ளி முடிந்ததும் அவற்றில் சில எங்கள் தெருவில் துணி உலர்த்தப் பயன்படுகின்றன.

என் வழியில் பெரும்பகுதி தொல்லையில்லாதது. பாலமும் நெடுஞ்சாலையை ஒட்டிய கிரீன் சர்க்கிள் சந்திப்பும்தான் ஒருவர் சைக்கிளை எடுப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்கின்றன. பாலத்தின் ஓரத்தில் படிந்துகிடக்கும் மணலில் சக்கரம் வழுக்குவதால் சற்று உள்ளே தள்ளி ஓட்ட வேண்டியிருக்கிறது; அப்படி ஓட்டினால், பின்னால் வரும் பேருந்து காதுக்குள் ஹாரன் அடிக்கிறது; ஒதுங்கினால் மீண்டும் மணல். கிரீன் சர்க்கிளிலோ, நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் வண்டிகள் வேகத்தைக் குறைக்காமலேயே திரும்புகின்றன. நின்ற இடத்திலிருந்து பெடலை மிதித்துக் கிளம்புகிறவனுக்குத் தேவைப்படும் சில நொடிகளை அங்கே யாரும் தருவதில்லை. என்னோடு வந்துகொண்டிருந்த நண்பர், பாலத்தில் ஒருமுறை விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்ட பிறகு, தவணையில் மொபெட் வாங்கிவிட்டார். அவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மரியாதை என்றொன்றும் உண்டு. கல்யாண மண்டபத்தில் காருக்குக் கதவைத் திறந்துவிடும் காவலாளி, என்னிடம் சைக்கிளை வெளியே சுவரோரம் சாத்தச் சொல்கிறார். பெண் வீட்டாரிடம் மாப்பிள்ளை சைக்கிளில் வேலைக்குப் போகிறார் என்று எந்தத் தரகரும் சொல்லமாட்டார். பெண்களுக்கு இது இன்னும் கடினம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் கூட்டமாகச் சைக்கிள் பழகினார்கள். தனியாக ஓட்டிப் பேச்சுக் கேட்பதற்கும் ஊரோடு சேர்ந்து ஓட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை அங்கே காணலாம். என் மனைவியும் ஓட்டத் தெரிந்தவர்தான், "இந்த வயதில் சைக்கிளா?" என்று மார்க்கெட்டில் இரண்டு பேர் கேட்டதோடு நிறுத்திவிட்டார். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், அவருக்கு இப்போது சைக்கிளின் தேவையும் குறைந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை.

பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியும் ஜனங்கள் சைக்கிளுக்குத் திரும்பவில்லை என்றால், பணத்தை விட உயிர்ப்பயம் பெரிது என்றே பொருள். ஆகவே அறிவுரையும் விழிப்புணர்வுப் பேரணியும் வேண்டாம். கிரீன் சர்க்கிளில் இறங்குவழிகளில் வேகத்தடையும், பேருந்து நிலையத்தருகே நிழலுள்ள சைக்கிள் ஸ்டாண்டும், பாலத்தின் ஓரத்தில் மூன்றடி அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடும் கேட்கிறேன். இவற்றுக்கு நாளாகும் என்றால், அடுத்த மழைக்கு முன் அந்த மணலையாவது வாரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
விருதம்பட்டு, வேலூர்.