ஜோடியாக விற்றதை ஜோடியாகவே மாற்றித் தாருங்கள்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
(நகல்: குறைதீர் அலுவலர்)

பொருள்: கண்டன்சர் மைக் ஜோடியில் ஒன்று பழுது – பொருந்தாத மைக்கைக் கொடுத்துப் புகாரை முடித்தது – ஜோடி முழுவதையும் மாற்றக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். என் பெயர், முகவரி, பில் எண் எல்லாம் உங்கள் கணினியில் இருக்கின்றன. இருந்தும் ஒவ்வொரு முறை போன் செய்யும்போதும் அவற்றை முதலிலிருந்து ஒப்பிக்கச் சொல்கிறார்கள். ஒப்பித்து ஒப்பித்து அலுத்துவிட்டது, அதனால் எழுத்தில் தருகிறேன். என் புகாரை ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டு, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று நேற்று ஒரு குறுஞ்செய்தி வேறு அனுப்பியிருக்கிறீர்கள். அதற்கான பதிலாகவும் இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இவ்வளவுதான். வீட்டில் கிட்டார் ரெக்கார்டிங் செய்வதற்காக உங்கள் இணையதளத்தில் ரூ. 23,500 கொடுத்து பென்சில் கண்டன்சர் மைக் ஜோடி ஒன்று வாங்கினேன். ‘மேட்ச்டு பேர்’, அதாவது ஒரே மாதிரி ஒலிக்கும்படி பொருத்திய ஜோடி, என்று அட்டைப்பெட்டியிலேயே பெரிதாகப் போட்டிருந்தது. அதில் ஒன்று வந்த வாரத்திலேயே படபடவென்று பொரிய ஆரம்பித்தது. நடுநடுவே ஒலியளவும் தானாக இறங்கியது. நீண்ட இழுபறிக்குப் பிறகு அந்த ஒன்றை மட்டும் மாற்றிக் கொடுத்தீர்கள். மாற்றி வந்தது பழையதோடு சேரவில்லை. ஆக இப்போது என்னிடம் இரண்டு மைக் இருக்கின்றன, ஜோடி இல்லை.

இதைப் பொறுமையாக வரிசைப்படி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் கிண்டி சர்வீஸ் சென்டரில் நடந்ததைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை.

மதுரையில் உங்களுக்கு சர்வீஸ் சென்டர் கிடையாது. கூரியரில் அனுப்பினால் வழியில் ஏற்படும் சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று உங்கள் ஆள் சொன்னதால், வைகை எக்ஸ்பிரஸில் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். எழும்பூரில் இறங்கி, மின்சார ரயில் பிடித்து, கிண்டி தொழிற்பேட்டைக்கு வந்து சேர்ந்தால், சாப்பாட்டு நேரம் என்று உட்கார வைத்தார்கள். சரி, சாப்பிடட்டும். அப்புறம் கவுண்டருக்கு வந்தவர் மைக்கை எடுத்து, மேஜைக்கு அடியில் கிடந்த ஒரு மிக்சரில் செருகி, “செக் செக், ஹலோ” என்றார். சத்தம் வரவில்லை. “மைக் டெட் சார்” என்றார். கண்டன்சர் மைக் வேலை செய்ய கேபிள் வழியாகவே மின்சாரம் (ஃபேன்டம் பவர்) போக வேண்டும்; மிக்சரில் அதற்கான 48 வோல்ட் சுவிட்ச் போடாமல் இருந்ததை நான்தான் கைகாட்ட வேண்டியிருந்தது. நியூமன் நிறுவனம் கே.எம். 84 என்ற மைக்கோடு 48 வோல்ட் ஃபேன்டம் பவரைக் கொண்டுவந்தது 1966-ல். உங்கள் கவுண்டருக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

சுவிட்சைப் போட்டதும் அவர் மைக்கின் பக்கவாட்டில் வாயை வைத்துப் பேசினார். பெரிய டயஃப்ரம் (ஒலி பட்டு அதிரும் மெல்லிய படலம்) உள்ள மைக்கில் அப்படிப் பேசுவார்கள். இது பென்சில் மைக், நுனியில்தான் கேட்கும். உங்கள் பொருளின் முன்பக்கம் எது என்பது உங்கள் பெயர் போட்ட சட்டை அணிந்தவருக்குத் தெரியவில்லை. பிறகு நுனியை விரலால் ரெண்டு தட்டு தட்டிவிட்டு, “நல்லாத்தானே சார் இருக்கு” என்றார். கோளாறு உடனே வராது, கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஹெட்போனில் கேளுங்கள் என்றேன். ஹெட்போன் இல்லையாம். நான் கொண்டுவந்திருந்ததைக் கொடுத்தேன். அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “கல்யாண வீட்டுல இதைவிட மோசமான மைக்குலதான் சார் பாடுறாங்க, யாரும் கம்ப்ளெயின்ட் பண்றதில்ல. உங்களுக்குக் காது ரொம்ப ஓவரா கேக்குது.” கரோக்கே ஸ்பீக்கர் ரிப்பேருக்கு வந்து நின்றவர்கள் சிரித்தார்கள். ஜாப் ஷீட்டில் ‘கோளாறு இல்லை’ என்று எழுதி, ‘வாடிக்கையாளர் திருப்தி’ என்ற கட்டத்திலும் அவரே டிக் போட்டுக்கொண்டார். அந்தத் தாளை பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அன்று இரவு பாண்டியனில் முன்பதிவு இல்லாத பெட்டியில் நின்றுகொண்டே ஊர் திரும்பினேன். எனக்கு இந்த வயதில் அது தேவையா என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, போன் கதைக்கு வருகிறேன். ப்ளூடூத் ஸ்பீக்கருக்கு 1, பார்ட்டி ஸ்பீக்கருக்கு 2 என்று உங்கள் இலவச எண் சொல்லிக்கொண்டே போகிறது. மைக்குக்கு எண்ணே இல்லை. ‘மற்றவை’யில் போய்க் காத்திருந்தால், எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி, “மொபைலோட ப்ளூடூத்ல கனெக்ட் ஆகுதா சார்?” எக்ஸ்.எல்.ஆர். கேபிளில் ஓடும் மைக் அது என்று சொன்னதும் ஹோல்டில் போட்டுவிட்டார். இன்னொருவர் எனக்கு ரெக்கார்டிங் சொல்லிக்கொடுத்தார்: “கிட்டார் ஓட்டைக்கு நேரா, நல்லா கிட்டக்க வைங்க சார், சவுண்ட் வரும்.” வரும். குடத்துக்குள் உட்கார்ந்து வாசித்த சத்தம் வரும். ஓட்டை வழியாக அடிக்கும் காற்றின் அதிர்வு பெரிய கிட்டாரில் 100 ஹெர்ட்ஸ் பக்கம் எழும்பி நிற்கிறது. முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்ட் மைக்கைக் கிட்டக் கொண்டுபோனால் அடித்தொனி இன்னும் ஊதும். அதனால்தான் கிட்டார் கழுத்தில் இருக்கும் 12-ஆம் ஃபிரெட்டுக்கு (கட்டைக்கு) நேராக, ஓர் அடி தள்ளி வைக்கிறோம். பெட்டியோடு நீங்கள் போட்டு அனுப்பிய துண்டுப் பிரசுரத்தில் இருக்கும் படமும் அதுதான். அதை உங்கள் கால் சென்டருக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.

கேபிள் பழுதாக இருக்கலாம் என்றார்கள், கேபிளை மாற்றினேன். மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பழுதாக இருக்கலாம் என்றார்கள், முதல் சேனலில் இருந்ததை இரண்டாவதிலும் இரண்டாவதில் இருந்ததை முதலிலும் போட்டுப் பார்த்தேன். எங்கே செருகினாலும் பொரிகிற சத்தம் அந்த ஒரு மைக்கோடுதான் போனது. வேவ் ஃபைல்களை அனுப்பியும் இருக்கிறேன். யாராவது கேட்டீர்களா? வந்த பதில் என்ன தெரியுமா? ‘ஈரப்பதத்தால் ஏற்பட்ட பாதிப்பு, வாரண்டியில் வராது.’ மைக்கின் நுனியில் ஒலியைப் பிடிக்கும் கண்டன்சர் கேப்ஸ்யூலுக்கு ஈரம் ஆகாது, ஈரம் ஏறினால் இப்படிப் பொரியும் என்பது எனக்கும் தெரியும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில்தான் மைக்கை வைக்கிறேன். வைகையில் தண்ணீரைத் தேடிப் பார்க்கிற ஊர் எங்களுடையது. ஈரப்பதம் வேண்டுமென்றால் கடற்கரை நகரத்தில் இருக்கும் உங்கள் கிடங்கில் போய்ப் பாருங்கள்.

உங்கள் நிறுவனத்தில் விஷயம் தெரிந்தவரே இல்லை என்று சொல்ல மாட்டேன். வாங்குவதற்கு முன்னால் இணையதள அரட்டையில் ஒரு பெண் பேசினார், அவ்வளவு தெளிவு. நான் முதலில் பெரிய டயஃப்ரம் மைக் ஒன்றைத்தான் பார்த்துவைத்திருந்தேன். விரலால் மெதுவாக வாசிக்கிறவன் நான், மைக்கின் சொந்த இரைச்சல் 5 டெசிபல் அளவில் இருந்தால் நிம்மதி என்று நினைத்தேன். அந்தத் தங்கைதான் அறையைப் பற்றிக் கேட்டார். பத்துக்குப் பன்னிரண்டு அறை, ஒரு பக்கம் இரும்பு பீரோ, ஒரு பக்கம் மெத்தை என்றேன். பென்சில் மைக்கில் இருக்கும் சின்ன டயஃப்ரம் லேசானது, நகம் கம்பியில் படுகிற அந்த நொடியைத் தெளிவாகப் பிடிக்கும், ஓரத்திலிருந்து வருகிற ஒலியின் நிறத்தையும் அதிகம் மாற்றாது என்றார். இரைச்சல் 16 டெசிபல் என்றாலும் ஓர் அடி தூரத்தில் ஸ்டீல் கம்பி கிட்டாருக்கு அது தொந்தரவாக இருக்காது என்றார். ஜோடியாக வாங்கினால் ஸ்டீரியோவும் கிடைக்கும் என்றார். எல்லாமே சரியான ஆலோசனை. அதை நம்பித்தான் கூடுதலாகப் பணம் போட்டேன். அவரை விற்பனையில் வைத்துவிட்டு, பக்கவாட்டில் பேசுகிறவரை சர்வீசில் வைத்திருக்கிறீர்கள். வாங்கும்வரைதான் நாங்கள் மனிதர்கள் போலிருக்கிறது.

இப்போது மாற்றிக் கொடுத்ததைப் பற்றி. ‘நல்லெண்ண அடிப்படையில்’ மாற்றித் தருவதாக மின்னஞ்சல் வந்தது. வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் பொருளுக்கு என்ன நல்லெண்ணம்? பிரித்துப் பார்த்தால், பழையது மங்கல் கறுப்பு, வந்திருப்பது பளபளப்பு. நுனியில் வலைக்கம்பியின் கண் அளவே வேறு. பெட்டியில் இருக்கும் சான்றிதழில் இரண்டு சீரியல் எண்களும் அவற்றின் வரைபடங்களும் அச்சாகியிருக்கின்றன. அதில் ஒரு எண்ணுக்கு உரிய மைக் இப்போது உங்களிடம் இருக்கிறது. வந்த மைக்கின் எண் எந்தத் தாளிலும் இல்லை. சீரியல் எண்ணைக்கூடப் பார்க்காமல் இருப்பிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். காற்றுத் தடுப்புப் பஞ்சும் கிளிப்பும் திரும்பி வரவில்லை, அது தனிக் கணக்கு.

சான்றிதழில் இரண்டுக்கும் இடையே 1 டெசிபலுக்குள்தான் வித்தியாசம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். இப்போது இரண்டுக்கும் ஒரே கெயின் (ஒலியை ஏற்றும் அளவு) வைத்தாலும் 4 டெசிபல் வித்தியாசம். ஸ்டீரியோவுக்கான எக்ஸ்-ஒய் முறையில் இரண்டு நுனிகளையும் ஒரே இடத்தில் சேர்த்து 90 டிகிரியில் வைக்கிறேன். அந்த முறையில் ஒலி இரண்டுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேருவதால், இடது எது வலது எது என்பதை அளவு வித்தியாசம் மட்டும்தான் சொல்கிறது. அந்த அளவே தப்பு என்றால் என்ன மிஞ்சும்? ஜோடி சேராத மாடு பூட்டிய வண்டியாக, கிட்டார் முழுவதும் இடது பக்கமே இழுக்கிறது. கெயினை ஏற்றிச் சரிசெய்துகொள்ளுங்கள் என்று எழுதிவிடாதீர்கள். அதையும் செய்து பார்த்தாயிற்று. அளவு ஒத்துப்போனாலும் மேல்தொனி ஒத்துப்போகவில்லை. இரண்டையும் ஒட்டி வைத்து, அளவைச் சமமாக்கி, ஒன்றின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல்-கீழை) திருப்பிச் சேர்த்தால் பெரும்பகுதி ஒலி அடங்கிப்போக வேண்டும். இங்கே நகச் சத்தம் நன்றாகவே கேட்கிறது. அந்த ஃபைலையும் இணைத்திருக்கிறேன், இந்த முறையாவது யாராவது ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். ஹெட்போன் இல்லையென்றால் சொல்லுங்கள், நானே வாங்கி அனுப்புகிறேன்.

இதனால் எனக்கு ஏற்பட்ட இழப்பு பணத்தில் அடங்காது. மதுரையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒரு மனிதன் அறைக்குள் உட்கார முடிவது மார்கழியிலும் தையிலும்தான். அதிலும் விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும். தெரு அடங்கிய பிறகு கிடைக்கிற அந்த நடுராத்திரி நேரம்தான் எங்களுக்கு ஸ்டுடியோ. அந்தக் காலம் முழுவதையும் உங்கள் ஹோல்டு இசையைக் கேட்டே கழித்தேன். இனி அடுத்த மார்கழிவரை காத்திருக்க வேண்டும், இடையில் சித்திரை வெயிலும் திருவிழாவும் இருக்கின்றன. ஒரு குறும்படத்துக்குப் பின்னணி வாசித்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன், அதுவும் கைவிட்டுப் போனது. அந்தப் பையன் பெரிய இயக்குநராக வரப்போகிறவன், அவனுடைய எல்லாப் படத்துக்கும் நான்தான் என்று பேச்சு. கணக்குப் பார்த்தால் 5 லட்சத்துக்குக் குறையாது. மன உளைச்சலைச் சேர்க்கவில்லை.

உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. மைக் நன்றாக இருந்த அந்தச் சில நாட்களில் வந்த ஒலி அருமையாக இருந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன். அதனால்தான் பணத்தைக் கேட்காமல் பொருளையே கேட்கிறேன். தயவுசெய்து, இப்போது என்னிடம் இருக்கும் இரண்டையும் எடுத்துக்கொண்டு, ஒரே சான்றிதழில் வரும் புதிய ஜோடியைப் பெட்டியோடு அனுப்பிவையுங்கள். அது முடியாதென்றால் ரூ. 23,500-ஐயும் கிண்டிக்கு வந்துபோன செலவையும் திருப்பிக் கொடுங்கள். கவுண்டரில் பேசியவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். வேலையை விட்டு எடுக்கச் சொல்லவில்லை, மைக்கின் முன்பக்கம் எது என்று மட்டும் யாராவது காட்டுங்கள்.

இணையதளம் வழியாக விற்பவர்களுக்கு 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் பொருந்தும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் குறைதீர் அலுவலர் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். உங்கள் அலுவலர் இரண்டையுமே செய்யவில்லை. 15 நாட்களில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம், நான் கொடுத்த விலைக்கு மனுக் கட்டணமும் கிடையாது. அப்போது நீங்கள்தான் மைக்கைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு வர வேண்டியிருக்கும். வைகையில் வாருங்கள், வழி சொல்கிறேன்.

அந்த அளவுக்குப் போக விடமாட்டீர்கள் என்று இன்னமும் நம்புகிறேன்.

மைக்கை எடுக்க ஆள் அனுப்புவதாக இருந்தால் மாலை 6 மணிக்கு மேல் அனுப்புங்கள். பகலில் அம்மா மட்டும்தான் வீட்டில் இருப்பார். போன முறை வந்தவர் அவரிடம் ஓ.டி.பி. வாங்கிக்கொண்டு, பொருளைக் கொடுக்காமலே ‘ஒப்படைக்கப்பட்டது’ என்று போட்டுவிட்டுப் போய், இரண்டாம் நாள்தான் கொண்டுவந்து கொடுத்தார்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர், மதுரை

இணைப்பு: பில் நகல், ஜாப் ஷீட் நகல், சான்றிதழின் படம், இரண்டு சீரியல் எண்களின் படங்கள், வேவ் ஃபைல்கள்.