மயிலைப் பசுவை விற்க வேண்டாம், அம்மா

லியோன், பிரான்ஸ்,
தை 8.

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் தீபாவளிக்கு அடுத்த வாரமே வந்து சேர்ந்துவிட்டது. தை பிறந்து ஒரு வாரம் கழித்துப் பதில் எழுத உட்காருகிறேன் என்பது மனத்தை உறுத்துகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலையும் நடக்கிறது. குளிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் குடியிருக்கும் குருவா ரூஸ் மேட்டில் முன்பு பட்டு நெசவாளர்கள் வாழ்ந்தார்கள். பூ வேலைப்பாடு நெய்யும் உயரமான ஜக்கார்டு தறி நிற்க வேண்டும் என்பதற்காகவே ஏறக்குறைய 4 மீட்டர் உயரத்துக்கு வீடுகளைக் கட்டியிருக்கிறார்கள். சென்னிமலை மாமா பார்த்தால் மகிழ்ந்து போவார். அவ்வளவு உயரமான அறை சூடேற நேரம் பிடிக்கும் என்பதால் ஹீட்டரைக் குறைத்து வைத்து, கம்பளியோடு இருக்கப் பழகிக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தில் எங்கள் தெருமுனைச் சீஸ் கடையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். முதல் தடவை மழைக்கு ஒதுங்கத்தான் உள்ளே போனேன். கதவைத் திறந்ததும் புளித்த மோர்ப்பானையும், ஈரச் சாக்கும், நம் கட்டுத்தரையும் சேர்ந்தாற்போல் ஒரு வாசம் வந்தது. கடை முழுவதும் வைக்கோல் பாய் மேலும் பலகை மேலும் சீஸ் வட்டங்கள். ஜூரா மலையிலிருந்து வரும் கொந்தே என்பது வண்டிச் சக்கரம் போல இருக்கிறது. ஒன்று 40 கிலோ எடை, அதற்குச் சுமார் 400 லிட்டர் பால் வேண்டுமாம். நம் மயிலை நாளைக்கு மூன்று லிட்டர் கறந்தாலும் நாலரை மாதப் பால்! அந்தப் பசுக்களுக்குப் புளிக்கவைத்த தீவனம் போடக் கூடாது, பச்சைப் புல்லும் காய்ந்த புல்லும்தான் போட வேண்டும் என்று விதியே இருக்கிறது. மேய்ச்சலுக்கு விட்ட கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல் மேய்ந்த மாட்டின் பாலே தனி என்று அப்பா சொல்வாரே, அதை இங்கே எழுதிவைத்துக் கடைப்பிடிக்கிறார்கள்.

கடைக்கார அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். எதைக் கேட்டாலும் உடனே எடுத்துத் தர மாட்டார். "இன்றைக்கா, நாளைக்கா? எத்தனை பேர் சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டு, கட்டைவிரலால் ஒவ்வொன்றாக மெல்ல அழுத்திப் பார்த்து, அந்த வேளைக்குப் பக்குவமானதைத்தான் கொடுப்பார். இரண்டு பேர் என்று முதல் நாள் சொல்லிவிட்டேன், இன்றும் அதையே சொல்கிறேன். வெட்டும்போது மீந்த ஓரத்துண்டுகளை எனக்கென்று தாளில் மடித்துச் சேர்த்துத் தருகிறார்; வாரம் முழுவதும் ரொட்டிக்கு அது போதும்.

சென்ற சனிக்கிழமை அவர் ரெப்லோஷோன் என்ற ஒன்றைக் காட்டினார். உள்ளங்கை அகலம், 450 கிராம் எடை, மேல்தோல் மஞ்சள் பூசினாற்போல் இருந்தது. பண்ணையிலேயே ஒரே மந்தைப் பாலில் செய்ததற்குப் பச்சை முத்திரை, ஆலையில் செய்ததற்குச் சிவப்பு. சவுவா மலையில் முற்காலத்தில் கறக்கும் பாலின் அளவைப் பார்த்துத்தான் நிலச்சொந்தக்காரர் குத்தகை வாங்குவாராம். அளக்க ஆள் வரும் நாளில் குடியானவர்கள் மடியில் பாலை நிறுத்திவிட்டு, அவர் போன பிறகு மறுபடி கறப்பார்களாம். அந்த இரண்டாம் கறவை கொஞ்சம்தான், ஆனால் கெட்டி. அதில் செய்ததால், மறுபடி கறப்பது என்ற அவர்கள் ஊர்ச் சொல்லே பெயராகிவிட்டது.

அதைக் கேட்டதும் எனக்கு உங்கள் முகம்தான் வந்தது. சொசைட்டியில் அளவு குறைந்தாலும் குறையட்டும் என்று ஒரு காம்பைக் கன்றுக்கு விட்டுவிட்டு, "கடைசிப் பாலில்தானடா நெய்யே இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே எழுந்திருப்பீர்கள். விடியற்காலையில் சொம்பில் பால் விழும் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று, அம்மா. அந்தக் கடையில் நின்றபடியே கண் கலங்கிவிட்டது. அந்த அம்மாள் ஒன்றும் கேட்காமல் ஒரு துண்டு வெட்டிக் கையில் கொடுத்தார். பாலை உறைய வைப்பது இளங்கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள் என்பதையும் அவரே சொன்னார். அன்று வாங்கியதை இரண்டு நாள் தொட மனம் வரவில்லை. அப்பாருவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

மயிலையைச் சித்திரையில் கண்ணபுரம் சந்தைக்கு ஓட்டலாம் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து விற்க வேண்டாம். பணம் அனுப்பத் தாமதமானது வீடு மாற்றியதற்கு முன்பணம் கட்டியதால்தான், வேறொன்றுமில்லை, மாசிக்குள் அனுப்பிவிடுவேன். சொசைட்டிக் கடனுக்கு வட்டியை மட்டும் கட்டித் தவணை வாங்கும்படி சித்தப்பாவிடம் சொல்லுங்கள். வடக்குக் காட்டுக் கிளுவை வேலியில் விழுந்த இடைவெளியை இந்த மழை ஈரம் காய்வதற்குள் கிளைப் போத்து நட்டு அடைத்துவிடச் சொல்லுங்கள். அப்பாருவின் கண்ணுக்கு நாள் குறித்தாயிற்றா? அம்மிணிக்குப் பார்க்க வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்றும் நீங்கள் எழுதவில்லை. மயிலை கன்று போட்டதும் கிடாரியா, காளையா, என்ன நிறம் என்று மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகன்