கூலருக்கு முன்னால் வாட்

அன்புள்ள முரளி,

உன் கடிதமும் பாகங்களின் பட்டியலும் கிடைத்தன. ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸ் பிராசசர், 44 மி.மீ. உயரமுள்ள ராம், பெரிய கிராஃபிக்ஸ் கார்டு, இரவு முழுக்க ஓடப்போகும் ரெண்டர் (காட்சிகளைப் படமாக்கும் வேலை), அதே அறையில் உன் கட்டில். "சத்தம் வராத கூலர் எது, ஒரே ஒரு பெயரைச் சொல்" என்று கேட்டிருக்கிறாய். பெயர் சொல்கிறேன். அதற்கு முன் ஓர் எண்ணை நீ முடிவு செய்ய வேண்டும்: அந்த பிராசசரை எத்தனை வாட் இழுக்க விடப்போகிறாய்?

பெட்டியில் 170 வாட் என்று போட்டிருக்கும். ஆனால் சாக்கெட் (மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) வழியாக அது இழுக்க அனுமதிக்கப்பட்ட அளவு 230 வாட். எல்லா கோரும் (பிராசசருக்குள் கணக்குப் போடும் அலகுகள்) வேலை செய்யும்போது ஒன்று அந்த 230-ஐத் தொடும், இல்லையென்றால் 95 டிகிரியைத் தொடும். எது முதலில் வருகிறதோ அங்கே நிற்கும். இந்தத் தலைமுறையை ஏஎம்டி அப்படித்தான் வடிவமைத்திருக்கிறது. 95 டிகிரி அதற்குக் கெடுதல் இல்லை. இதில் கவனிக்க வேண்டியது, வெப்பம்தான் தடையாக இருக்கும் நிலையில் பெரிய கூலர் மாட்டினால் வெப்பநிலை இறங்காது. கிடைத்த இடத்தைப் பிராசசர் வேகமாக மாற்றிக்கொள்ளும், எண் 95-லேயே நிற்கும், ஃபேனும் முழு வேகத்தில் சுற்றும். நல்ல கூலர் வாங்கியும் சத்தம் குறையவில்லை என்று பலர் குழம்புவது இதனால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. 7950எக்ஸின் கோர்கள் எல்லாம் இரண்டு சின்னச் சில்லுகளில் அடங்கியிருக்கின்றன, ஒவ்வொன்றும் விரல் நகத்தை விடச் சிறியது. அந்தச் சிறிய பரப்பிலிருந்து வெப்பம் மேலே இருக்கும் தடித்த மூடியைக் கடந்துதான் கூலரின் அடித்தட்டுக்கு வர வேண்டும். பழைய ஏஎம்4 சாக்கெட்டின் கூலர்கள் இதன் ஏஎம்5 சாக்கெட்டிலும் பொருந்த வேண்டும் என்பதற்காக அந்த மூடியைத் தடிமனாகவே வைத்தார்கள். ஹீட்சிங்க் (கூலரின் உலோகத் தகட்டுக் கட்டு) எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்தக் குறுகிய வழி அப்படியே இருக்கும்.

அதனால் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) மின்செலவைக் கட்டுப்படுத்தும் ஈகோ மோடை 105 வாட்டில் வை. சாக்கெட்டின் உண்மையான வரம்பு அப்போது 142 வாட் ஆகும். 65 வாட் மோடில் 88. சில்லின் மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறும். கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மின்னழுத்தத்தைக் கூட்ட வேண்டியிருப்பதால், 142-க்கும் 230-க்கும் இடையில் உள்ள 88 வாட்டில் பெரும்பகுதி வெறும் சூடாகவே போகிறது. 142-க்கு இறக்கினால் ரெண்டர் நேரம் சில சதவீதம் நீளும். நீ தூங்கும் நேரத்தில் ஓடுகிற வேலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஒன்றிரண்டு கோர் மட்டும் ஓடும் அன்றாட வேலையில் வித்தியாசமே தெரியாது. அமைதிக்காக நீ செய்யப்போகும் மிகப்பெரிய காரியம் இதுதான், காசும் செலவில்லை.

இனி கூலருக்கு வருவோம். ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும், சத்தமோ ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே நம் காதுக்குப் பாதி சத்தமாகத்தான் கேட்கும். ஆக, பெரிய தகட்டுப் பரப்பு, பெரிய ஃபேன், மெதுவான சுழற்சி. 120 மி.மீ. ஃபேனை விட 140 மி.மீ. ஃபேனின் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் டெசிபல் எண்ணை நம்பித் தேர்வு செய்யாதே, ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக அளக்கிறது. "260 வாட் தாங்கும்" என்று போடும் எண்ணுக்கும் பொது அளவுகோல் கிடையாது. எடை, ஹீட்பைப் (வெப்பத்தைத் தகடுகளுக்குக் கடத்தும் குழாய்) எண்ணிக்கை, ஃபேனின் அளவு ஆகிய மூன்றும் அதைவிட உண்மை பேசும்.

உன் கேபினெட் 165 மி.மீ. கூலர் வரைதான் ஏற்கும் என்று எழுதியிருக்கிறாய். நாக்டுவா என்ஹெச்-டி15 சரியாக 165 மி.மீ. உயரம், 140 மி.மீ. ஃபேன் இரண்டு. பார்த்தவுடன் பொருந்திவிட்டது போலத் தோன்றும். ஆனால் முன்னால் உள்ள ஃபேன் ராமின் தலைக்கு மேல் வந்து உட்காரும், அதற்கு அடியில் 32 மி.மீ. இடம்தான் இருக்கிறது. உன் ராம் 44. மீதி 12 மி.மீ. ஃபேனை மேலே தூக்கி மாட்ட வேண்டும். 165-உம் 12-உம் 177. கேபினெட்டின் பக்கக் கதவு மூடாது. ஆர்டர் போட்ட பிறகு இது தெரியவந்தால் வெளிச்சம் போடும் அழகான ராமைக் கழற்றி விற்க வேண்டியதுதான். 2024-இல் வந்த டி15 ஜி2 168 மி.மீ., பீ கொயட் டார்க் ராக் புரோ 5-உம் 168. இரண்டும் அருமையான கூலர்கள். மூன்று மி.மீ. உன்னைத் தடுக்கிறது.

நான் சொல்லும் பெயர் என்ஹெச்-டி15எஸ். உயரம் 160 மி.மீ. இரண்டு தகட்டுக் கோபுரங்களுக்கு நடுவில் ஒரே ஒரு 140 மி.மீ. ஃபேன், முன்னால் ஃபேன் இல்லாததால் ராமுக்கு 65 மி.மீ. வரை இடம் கிடைக்கும். கோபுரங்கள் சற்றுத் தள்ளி அமைந்திருப்பதால் கிராஃபிக்ஸ் கார்டையும் இடிக்காது. 142 வாட்டுக்கு அந்த ஒரே ஃபேன் போதும். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ: 155 மி.மீ., ஆறு ஹீட்பைப், 120 மி.மீ. ஃபேன் இரண்டு. இதில் முன் ஃபேன் உண்டு என்பதால் ராமின் உயரத்தை இங்கேயும் அளந்து பார்த்துக்கொள். விலைக்கு அது தரும் குளிர்ச்சி வியப்பானது. ஃபேன்களின் ஓசைத் தன்மையில் மட்டும் நாக்டுவா ஒரு படி மேலே.

தண்ணீர் கூலரைப் பற்றிக் கேட்டிருந்தாய். 230 வாட்டை இரவெல்லாம் ஓட விடுவதாக இருந்தால் 360 மி.மீ. ரேடியேட்டருக்கு (திரவத்தைக் குளிர்விக்கும் தகட்டுப் பெட்டி) நியாயம் உண்டு. 142-க்கு வேண்டாம். கணினி சும்மா இருக்கும்போதும் திரவத்தைச் சுற்றவைக்கும் பம்ப் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த மெல்லிய ரீங்காரத்தை ஃபேன் சத்தம் மறைக்காது, நள்ளிரவில் அதுதான் கேட்கும். குழாய் வழியாகத் திரவம் சிறிது சிறிதாகக் குறையும், காற்று சேரும், பம்புக்குள் சலசலப்பு வரும். மாட்டியே ஆக வேண்டுமென்றால் ரேடியேட்டர் கேபினெட்டின் மேற்கூரையில் இருக்கட்டும், பம்ப் எப்போதும் திரவச் சுற்றின் உச்சியை விடத் தாழ்ந்திருக்கட்டும். கோபுரக் கூலரில் பழுதாகக்கூடியது ஃபேன் மட்டும்தான், கம்பிக் கிளிப்பைக் கழற்றினால் இரண்டே நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

மாட்டும்போது வரிசை முக்கியம். மதர்போர்டின் மேல் மூலையில் உள்ள 8 பின் மின்கேபிளை முதலில் செருகிவிடு, கூலர் உட்கார்ந்த பிறகு கை நுழையாது. ஏஎம்5-இல் பின்பக்கத் தகடு சாக்கெட்டோடு சேர்ந்தே நிற்கும், முன்பக்க பிளாஸ்டிக் தாங்கிகளை மட்டும் நான்கு திருகு கழற்றி எடு. பழைய இருப்பில் வாங்கினால் ஏஎம்5-க்கான பொருத்துக் கம்பி பெட்டிக்குள் இருக்கிறதா என்று பார். இந்த பிராசசரில் கோர் சில்லுகள் மூடியின் மையத்தில் இல்லாமல் கீழ்ப்பக்கம் தள்ளி இருக்கின்றன. அதற்கென்றே அடித்தட்டை 7 மி.மீ. கீழே தள்ளிப் பொருத்தும் கம்பிகளை நாக்டுவா தருகிறது, 1 முதல் 3 டிகிரி குறையும் என்கிறது. உன் மாடலுக்கு உரியதைக் கேட்டு வாங்கு.

தெர்மல் பேஸ்ட்டை (வெப்பம் கடத்தும் பசை) பிராசசர் மூடியின் மேல் இப்படி வை: நடுவில் 4 மி.மீ. பொட்டு ஒன்று, நான்கு மூலைப் பக்கமும் 2 மி.மீ. பொட்டு ஒவ்வொன்று. கரண்டியால் பரப்ப வேண்டாம், அழுத்தமே பரப்பிவிடும். கை தாராளமாக வைத்தால் ஏஎம்5 மூடியின் ஓர வெட்டுகளுக்குள் வழியும். சாதாரண பேஸ்ட் மின்சாரம் கடத்தாது, துடைப்பதுதான் தொல்லை. ஆனால் திரவ உலோகம் கடத்தும், அந்தப் பக்கமே போகாதே. அடித்தட்டில் பாதுகாப்புக்காக ஒட்டியிருக்கும் தாளையோ உறையையோ எடுத்துவிட்டாயா என்று விரலால் தடவிப் பார். அதை எடுக்காமலே மாட்டிவிட்டு, கணினி போட்ட சில நொடியில் 95 டிகிரி என்று பதறுபவர்கள் நிறைய.

நடு ஃபேனைக் கழற்றினால்தான் இரண்டு திருகுகளும் கைக்கு எட்டும். இரண்டையும் முதலில் இரண்டு சுற்று மட்டும் பிடிக்க வைத்து, பிறகு இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்கு. ஒரே பக்கம் முழுதாக இறக்கினால் அடித்தட்டு சாய்ந்து பேஸ்ட் ஒரு ஓரமாக ஒதுங்கும். ஃபேனைத் திரும்ப மாட்டும்போது, குறுக்குச் சட்டமும் ஸ்டிக்கரும் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம்; அது கேபினெட்டின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். வயரைச் சிபியு ஃபேன் என்று குறித்த நான்கு பின் இடத்தில் செருகு, வேறெங்காவது போட்டால் ஃபேன் இல்லை என்று பயாஸ் நிறுத்திவிடும். கூலர் ஒரு கிலோவுக்கு மேல் எடை, கணினியை வண்டியில் கொண்டுபோனால் மதர்போர்டு கிடைமட்டமாக இருக்கும்படி படுக்கவைத்தே கொண்டுபோ.

அடுத்தது ஃபேன் கர்வ், அதாவது எந்த வெப்பத்துக்கு ஃபேன் எவ்வளவு வேகம் என்று சொல்லும் கோடு. நல்ல கூலரையும் கெட்ட பெயர் எடுக்க வைப்பது மதர்போர்டில் வந்தபடியே விட்டுவிடும் கர்வ்தான். ஒரு பிரவுசரைத் திறந்தால் போதும், ஒரு கோர் நொடியில் பத்துப் பதினைந்து டிகிரி துள்ளிவிட்டு இறங்கும். கர்வ் அதைத் துரத்தினால் ஃபேன் ஊங் என்று ஏறி உடனே இறங்கும். ஒரே சீரான ஓசையைக் காது மறந்துவிடும், ஏறி இறங்கும் ஓசையை மறக்காது. 65 டிகிரி வரை கோட்டைத் தட்டையாக வை, ஃபேன் நிமிடத்துக்கு 500 சுற்றில் நிற்கட்டும். 75-க்கு 700, 85-க்கு 950, 90-க்கு மேல் முழு வேகம். வேகம் ஏறுவதற்கான தாமதத்தை நான்கைந்து நொடியாக்கு, இறங்குவதற்கு இன்னும் கூடுதல். ஹீட்சிங்க்கின் உலோகம் அந்த நொடிகளின் சூட்டைத் தானே வாங்கிக்கொள்ளும், ஃபேன் அவசரப்பட வேண்டியதில்லை.

கேபினெட் ஃபேன்களை சிபியு வெப்பத்தோடு கட்டாதே. ரெண்டரில் கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்து ஓடினால் அதிகச் சூட்டைக் கக்குவது அதுதான். அந்தச் சூடான காற்றைத்தான் உன் கூலர் மூச்சாக இழுக்கிறது. விண்டோஸுக்கு ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருள் உண்டு, அதில் கார்டின் வெப்பத்தை வைத்துக் கேபினெட் ஃபேன்களை ஓட்டலாம். முன்னால் 140 மி.மீ. இரண்டு உள்ளே, பின்னால் ஒன்று வெளியே, 500 முதல் 700 சுற்றுக்குள். முன்பக்கம் கண்ணாடியாக இருக்கும் கேபினெட் என்றால் எந்தக் கூலரும் உனக்குக் கைகொடுக்காது, வலை போட்டதாகப் பார்.

எல்லாம் ஓடிய பிறகும் ஏதோ சத்தம் இருந்தால், எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் கூலரைக் குறை சொல்லாதே. ஒரு காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வை, மறு முனையை ஒவ்வொரு ஃபேனின் அருகிலும் கொண்டுபோ. சீரான காற்றோசை என்றால் வேகம். டிக் டிக் என்றால் பேரிங் அல்லது வயர் உரசல். கார்டின் பக்கம் கீச்சென்ற மெல்லிய சத்தம் கார்டில் உள்ள காயிலின் (மின்சுருள்) அதிர்வு, கூலர் மாற்றினால் அது போகாது. காரில் கேட்பதுபோல் ம்ம்... ம்ம்... என்று ஏறி இறங்கினால், இரண்டு ஃபேன்கள் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் சுற்றுகின்றன என்று பொருள். ஒன்றை ஐம்பது சுற்று குறைத்துவிடு, அடங்கிவிடும்.

உன் தம்பியின் இன்டெல் 14900கே பிராசசர் வேறு கதை. இன்டெல் சொல்லும் வரம்பே 253 வாட், பல மதர்போர்டுகள் அதையும் தூக்கிவிட்டு 4095 என்று, அதாவது வரம்பே இல்லை என்று, வைத்துவிடுகின்றன. அவன் முதலில் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். 13, 14-ஆம் தலைமுறைச் சில்லுகளின் மின்னழுத்தச் சிக்கலுக்கு 2024-இல் மைக்ரோகோட் (பிராசசரின் உள் நிரல்) திருத்தம் வந்தது, அது இல்லாமல் எந்தக் கூலரும் அந்தச் சில்லைக் காப்பாற்றாது. பிறகு இன்டெல் இயல்பு அமைப்பைத் தேர்ந்தெடுத்து, நீண்டநேர வரம்பை 180 வாட் வாக்கில் இறக்கச் சொல். அப்போதுதான் காற்றுக் கூலரின் பேச்சையே எடுக்க முடியும்.

ராமின் உயரத்தைப் பெட்டியில் பார்த்து நம்பாமல் ஸ்கேலை வைத்து அளந்து எழுது, ஸ்லாட்டின் மேல்விளிம்பிலிருந்து அல்ல, அட்டையின் அடியிலிருந்து உச்சி வரை. கேபினெட்டின் முன்பக்கம் வலையா கண்ணாடியா என்பதையும் சொல். இரண்டும் தெரிந்த பிறகு ஆர்டர் போடு.

அன்புடன்,
செந்தில்