காணும் பொங்கலன்று வருகிற பஸ் மற்ற ஞாயிறுகளிலும் வரட்டும்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் பஸ் தடங்களையும் நேரத்தையும் முடிவு செய்யும் அதிகாரிகளுக்கும், ஊருக்கு வெளியே கேளிக்கைப் பூங்கா நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரி. ராயப்பேட்டையில் ஒரு பைண்டிங் கடையில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். ஞாயிறு மட்டும்தான் லீவு. வீட்டுக்காரர் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார், வண்டி முதலாளியுடையது. ஏழாவது படிக்கிற மகள், இரண்டாவது படிக்கிற மகன், மாமியார் என்று வீட்டில் ஐந்து பேர்.

கேளிக்கைப் பூங்காவுக்குப் போக வேண்டும் என்று மகள் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வகுப்பில் பாதிப் பேர் போய்வந்து ராட்டினத்தைப் பற்றியும் செயற்கை அலையைப் பற்றியும் பேசும்போது இவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். சீட்டுப் பணம் கைக்கு வந்த மாதம் ஐந்து பேருக்கும் நுழைவுச்சீட்டு எடுத்துவிட்டோம். அதன்பிறகுதான் எப்படிப் போவது என்ற பேச்சு வந்தது. போக வர கார் பேசினால் நாலாயிரத்து ஐந்நூறு, டிரைவர் பேட்டா தனி. காரை மட்டும் வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டிப்போகலாமே என்று வீட்டுக்காரர் விசாரித்தார். முன்பணமாகவே ஐயாயிரம் கட்டச் சொன்னார்கள். ஒரு நாள் சந்தோஷத்துக்கு, உள்ளே நுழைவதற்கு முன்பே இன்னொரு நுழைவுச்சீட்டுக்குப் பணம் கட்டுவது மாதிரி இருந்தது. பஸ்ஸிலேயே போய்விடலாம் என்று முடிவு செய்தோம்.

போன பயணத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. காலை ஏழு மணிக்குக் கிளம்பி, மூன்று வண்டி மாறி, பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் எனக்கும் மகளுக்கும் அத்தைக்கும் காசு கிடையாது. 2021 மே மாதம் பெண்களுக்கான இலவசப் பயணத் திட்டம் வந்ததிலிருந்து என் வேலைக்குப் போக வருவதும் அதில்தான். சின்னவன் ஜன்னலோரம் உட்கார்ந்து ஏரியையும் கட்டடங்களையும் எண்ணிக்கொண்டே வந்தான். அத்தை எலுமிச்சை சாதம் கட்டி எடுத்துவந்திருந்தார்கள்; வெளிச் சாப்பாடு உள்ளே கூடாது என்றதால் வாசலிலேயே மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பிள்ளைகள் அன்று முழுக்கத் தண்ணீரை விட்டு வெளியே வரவில்லை. கொடுத்த காசுக்கு ஒரு பைசா வீணில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பூங்காவை மூடினார்கள். இந்த மடல் அந்த ஆறு மணியைப் பற்றியது.

எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வருகிறார்கள். கார் நிறுத்துமிடத்திலிருந்து வண்டிகள் விளக்குப் போட்டுக்கொண்டு வரிசையாக வெளியேறுகின்றன. சிவப்பு விளக்குக் குச்சியை ஆட்டி ஒருவர் வழி காட்டுகிறார். கார் எங்கே திரும்ப வேண்டும் என்பதற்கு நாலு இடத்தில் அம்புக்குறி பலகை. பஸ்ஸுக்குப் போகிறவர்கள் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்பதற்கு ஒரு பலகைகூட இல்லை. பெரிய சாலை மூன்று கிலோமீட்டர் தள்ளி. காலையில் எங்களை இறக்கிவிட்ட ஷேர் ஆட்டோ அந்த நேரத்துக்கு வருவதில்லையாம். நின்றிருந்த ஒரே ஆட்டோக்காரர், மூன்று கிலோமீட்டருக்கு அறுநூறு ரூபாய் கேட்டார். கையில் இருந்தது நானூறு சொச்சம். அது வீடு வரை வர வேண்டும்.

நடந்தோம். சின்னவன் அப்பா தோளில் தூங்கிப்போனான். ஈரத்துணி நிறைந்த கட்டைப்பையிலிருந்து தண்ணீர் சொட்டி என் புடவையின் ஒரு பக்கம் முழுக்க நனைந்திருந்தது. நடைபாதை இல்லை, சாலையோர விளக்கு இடையிடையே எரிந்தது. எதிரே வண்டி வரும்போதெல்லாம் மகளைப் பிடித்து மண்ணுக்கு இழுத்தேன். அத்தைக்கு முழங்கால் வலி. ஒரு சின்னப் பாலத்தின் பக்கச் சுவரில் உட்கார்ந்து, “நீங்க போங்கடா, நான் மெதுவா வர்றேன்” என்றார்கள். இருட்டில் எங்கே விட்டுவிட்டுப் போவது? எங்களைப் போலவே இன்னும் இரண்டு குடும்பம் பின்னால் வந்துகொண்டிருந்தது. பூங்காவின் சீருடை போட்ட நாலைந்து பெண்களும் வந்தார்கள். அவர்கள் உள்ளே துப்புரவு வேலை செய்கிறவர்கள். தினமும் இப்படித்தான் நடக்கிறார்களாம். “பழகிடுச்சுக்கா” என்றாள் ஒருத்தி. அவள் கையில் டார்ச் இருந்தது. பெரிய சாலை வரை எங்களுக்கும் அதுதான் வெளிச்சம்.

வீடு வந்து சேர்ந்தபோது பதினொன்றரை. அது எந்தப் பூங்கா என்று எழுதப் போவதில்லை. அந்த ஒரு இடத்தைத் திருத்திவிட்டால் முடிகிற விஷயமாக இருந்தால் நேரே அவர்களுக்கே எழுதியிருப்பேன்.

அதிகாரிகளே, இது உங்களால் முடியாத காரியம் இல்லை. வருஷா வருஷம் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். காணும் பொங்கல் வந்தால் பத்திரிகையில் செய்தி வரும்: மாநகர் போக்குவரத்துக் கழகம் நூற்றுக்கணக்கில் சிறப்புப் பஸ் விடுகிறது என்று. அண்ணா சதுக்கம், கோவளம், மாமல்லபுரம், வண்டலூர் உயிரியல் பூங்கா என்று வரிசையாக இருக்கும். அதே பட்டியலில் வி.ஜி.பி., எம்.ஜி.எம்., குயின்ஸ்லாண்ட் என்று கேளிக்கைப் பூங்காக்களின் பெயரும் இருக்கும். எங்கிருந்து கூட்டம் கிளம்பும், எங்கே போகும், எத்தனை மணிக்குத் திரும்பும் என்ற கணக்கு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்தக் கணக்கை வருஷத்தில் ஒரு நாள் மட்டும் வெளியே எடுக்கிறீர்கள். மே மாத ஞாயிறுகளிலும், காலாண்டு அரையாண்டு லீவிலும் அதை எடுத்துப் பாருங்கள் என்பதுதான் என் கோரிக்கை. பஸ் ஐந்நூறு வேண்டாம். பூங்காவுக்கு நாலு போதும்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் விட்டால் நஷ்டம் என்று சொல்வீர்கள். ஓ.எம்.ஆர். என்கிற பழைய மாமல்லபுரம் சாலையில் வார நாளில் ஐ.டி. கம்பெனிக் கூட்டத்தைச் சுமக்கிற வண்டிகளுக்கு ஞாயிறன்று அந்தக் கூட்டம் இல்லை. அதே சாலையில், அன்றைக்கு இன்னொரு கூட்டம் கிளம்புகிறது: டிபன் டப்பாவும் மாற்றுத்துணியும் எடுத்துக்கொண்டு. அது கண்ணில் படாததற்குக் காரணம், பஸ் இல்லை என்பதால் அது வீட்டைவிட்டே கிளம்பாமல் இருப்பதுதான்.

வண்டலூரை எடுத்துக்கொள்ளுங்கள். என் மாமியார் சின்ன வயதில் மிருகக்காட்சிசாலை மூர் மார்க்கெட் பக்கம் இருந்தது. வண்ணாரப்பேட்டையிலிருந்து நடந்தே போவார்களாம். 1985-இல் அது வண்டலூருக்குப் போய்விட்டது. அந்தக் காலத்தில் வண்டலூர் என்றால் காடு. தூரமாகப் போன பிறகும் எங்கள் தெருவில் அதைப் பார்க்காத பிள்ளை கிடையாது. ஏன்? எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஏறினால் வண்டலூர் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம், ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸுக்குக் குறைவில்லை. மூடுகிற நேரத்துக்குப் பிறகும் ராத்திரி வரை ட்ரெயின் இருக்கிறது. இரண்டு தலைமுறையாகக் கார் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் புலியையும் வெள்ளை மயிலையும் பார்த்து வளர்ந்தது அந்த ஸ்டேஷனால்தான்.

மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர் தண்ணீர்ப் பூங்காவும் அப்படித்தான். என் தங்கையைக் கோயம்புத்தூரில் கொடுத்திருக்கிறது. அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது ட்ரெயினில் மேட்டுப்பாளையம் போய், அங்கிருந்து ஊட்டி பஸ்ஸில் ஏறினோம். பூங்கா ஊட்டி ரோட்டிலேயே இருக்கிறது. கண்டக்டர் பெயர் சொல்லி இறக்கிவிட்டார். திரும்பும்போது எதிர்ப்பக்கம் நின்றோம், மலையிலிருந்து இறங்குகிற பஸ் வந்தது. அந்தச் சாலையில் எப்போதும் பஸ் ஓடுகிறது, பூங்காவுக்கு அதிர்ஷ்டம். எல்லா இடத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் அமையாது. அமையாத இடத்தில் யாராவது உட்கார்ந்து திட்டம் போட வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருப்பவை பரவாயில்லை. மாமல்லபுரம் போகிற 588-ம் 599-ம் அந்த வழியாகத்தான் போகின்றன. சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் பூங்காக்களில்தான் சிக்கல். திருப்போரூர் வரை தி.நகரிலிருந்து 19 போகிறது, தாம்பரத்திலிருந்து 515 போகிறது. 2025 டிசம்பரில் அந்தப் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவைத் திறந்தார்கள். ஊரே அதைப் பற்றிப் பேசுகிறது. இனி அங்கே கூட்டம் கூடுமே தவிரக் குறையாது. மெட்ரோ வந்தால் சரியாகிவிடும் என்று என் கடை முதலாளி சொல்கிறார். மாதவரத்திலிருந்து ஓ.எம்.ஆர். வழியாக வருகிற பாதை சிறுசேரியோடு நின்றுவிடும். அதைத் தாண்டித்தான் கேளம்பாக்கம், திருப்போரூர் எல்லாம். கலங்கரை விளக்கத்திலிருந்து போகிற பாதை பூந்தமல்லியோடு முடிகிறது. குயின்ஸ்லாண்ட் அதற்கும் அப்பால், செம்பரம்பாக்கம் பக்கம். மெட்ரோ முடிகிற இடத்தில் ஒரு சிற்றுந்து நிற்காவிட்டால் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் பாதை பாதி வழிதான்.

வெளிநாட்டுக் கதை எதற்கு என்று கேட்காதீர்கள், இரண்டே உதாரணம் சொல்கிறேன். பாரிஸுக்கு வெளியே டிஸ்னிலேண்ட் திறந்தது 1992 ஏப்ரல் 12. அதன் வாசலுக்குப் புறநகர் ரயில் வந்தது ஏப்ரல் 1. ஹாங்காங்கில் டிஸ்னிலேண்ட் திறந்தது 2005 செப்டம்பரில். அதற்கென்றே போட்ட ரயில் பாதை ஆகஸ்டிலேயே ஓட ஆரம்பித்துவிட்டது. இரண்டு இடத்திலும் வழி முதலில், வாசல் பிறகு. நான் ரயில் கேட்கவில்லை. அந்த வரிசையை மட்டும் கேட்கிறேன்.

தமிழ்நாட்டில் பெரிய கட்டடம் எதுவும் கட்டினால், இத்தனை சதுர மீட்டருக்கு இத்தனை கார் நிறுத்த இடம் விட வேண்டும் என்று 2019-இல் வந்த கட்டட விதிகளில் இருக்கிறது. கேளிக்கைப் பூங்காவுக்கு அனுமதி கொடுக்கும்போது அதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: வாசலுக்கு உள்ளே இரண்டு பஸ் நிற்க இடம், நிழலும் விளக்கும் பெஞ்சும் வைத்த ஒரு நிறுத்தம், பெரிய சாலை வரை நடைபாதை. பல ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய இடமே இல்லை.

பூங்கா நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் நுழைவுச்சீட்டில் என்னென்ன அச்சிட்டிருக்கிறீர்கள் என்று பார்த்தேன். அச்சு என் தொழில், கண் தானாகப் போகும். நைலான் உடைதான் போட வேண்டும், வெளிச் சாப்பாடு கூடாது, தொலைந்த பொருளுக்குப் பொறுப்பில்லை. எல்லாம் சரி. அதிலேயே ஒரு வரியில், திரும்பிப் போகிற பஸ்ஸின் நம்பரும் கடைசி வண்டியின் நேரமும் போட்டுவிடுங்கள். பஸ் இல்லையென்றால் நீங்களே ஒரு வேன் விடுங்கள், தலைக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொள்ளுங்கள், மனமுவந்து தருவோம். அந்த வேனிலேயே உங்கள் துப்புரவுப் பெண்களும் வீடு போய்ச் சேரட்டும். டார்ச் வைத்திருந்த அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது.

2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ என்ற செயலியைக் கொண்டுவந்தீர்கள். பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட். என் மகள்தான் அதை என் போனில் போட்டுக் கொடுத்தாள். நல்ல காரியம். எங்களுக்குப் பயன்படுகிறது. பூங்கா டிக்கெட்டோடு போக வர பஸ் டிக்கெட்டையும் அதிலேயே சேர்த்து விற்றால், எத்தனை பேர் திரும்புவார்கள் என்பது காலையிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். அதற்குத் தக்கபடி வண்டியை அனுப்பலாம்.

அட்டவணை போடும்போது ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். காலையில் இரண்டு மணி நேரத்துக்குள் பிரிந்து பிரிந்து வருகிறவர்கள், சாயங்காலம் அரை மணிக்குள் மொத்தமாக வெளியே வருகிறார்கள். காலைக்கு நாலு பஸ், மாலைக்கும் நாலு பஸ் என்று சமமாகப் பிரித்தால், மாலையில் மூன்றாவது பஸ் வருவதற்குள் முதல் பஸ்ஸிலேயே பிள்ளைகள் நசுங்கியிருப்பார்கள். ஆறு மணிக்கு மூடுகிற பூங்காவுக்கு ஆறே காலுக்கு இரண்டு வண்டி, ஆறரைக்கு ஒன்று, கடைசியாக ஏழேகாலுக்கு ஒன்று. கடைசி வண்டி வேலை செய்கிறவர்களுக்கு. இப்படிப் போட்டுக் கொடுத்தால், காலையில் போவதை நாங்களே பார்த்துக்கொள்வோம்.

சின்னவன் மறுபடி எப்போது என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். முழு ஆண்டுப் பரீட்சை முடிந்ததும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அத்தை வரமாட்டேன் என்கிறார்கள். அலை அடிக்கிற குளத்தில் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றவர்கள் அவர்கள்தான். அன்று அவ்வளவு சிரித்து நான் பார்த்ததே இல்லை. அந்த மூன்று கிலோமீட்டரை நினைத்துத்தான் வேண்டாம் என்கிறார்கள். மே மாதத்துக்குள் பஸ் நேரம் தெரிந்தால் அவர்களுக்கும் சேர்த்து ஐந்து டிக்கெட் எடுப்பேன்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு தாய்