ரிட்டுக்சிமாப் ஏற்றுமுன்: புற்றுநோய், மூட்டுவாத மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மருத்துவர்களுக்கு,

வணக்கம். சில புற்றுநோய்களுக்கும் மூட்டுவாதத்துக்கும் ஏற்றும் ரிட்டுக்சிமாப் மருந்தைத் தொடங்குமுன், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உண்டா என்று பார்க்கவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் ஹெச்பிஎஸ்ஏஜி (வைரஸின் மேலுறைப் புரதம்) மட்டும் பார்த்து, 'நெகட்டிவ்' என்றதும் முதல் டோஸ் ஏறிவிடுகிறது. எங்கள் முறையீடு அதைப் பற்றித்தான்.

வளர்ந்த வயதில் தொற்றுபவர்களில் நூற்றுக்குச் சுமார் 95 பேர் தாமாகவே குணமாகிறார்கள் என்கிறோம். ஆனால் அவர்களிடமும் வைரஸ் பெரும்பாலும் ஒழிவதில்லை. அதன் வட்ட டிஎன்ஏ கல்லீரல் செல்லின் உட்கருவில் தங்கிவிடுகிறது. அதை அடக்கி வைப்பவை சிடி8 டி செல்கள் என்னும் எதிர்ப்புச் செல்கள். பாதித்த செல்லைக் கொன்றால்தான் ஆகும் என்றில்லை. இன்டர்ஃபெரான் காமா, டிஎன்எஃப் என்னும் சைகைப் புரதங்களைச் சுரந்து, செல்லை உயிரோடு விட்டே வைரஸ் பெருகுவதை நிறுத்தவும் அவற்றால் முடியும். சிம்பன்சிகளில் சிடி8 செல்களை நீக்கிப் பார்த்தபோது, அவை திரும்பும்வரை வைரஸ் அகலவில்லை.

ரிட்டுக்சிமாப் அழிப்பது பி செல்களைத்தானே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் எதிர்ப்பொருள் தருவதோடு, வைரஸ் துண்டுகளை டி செல்களுக்குக் காட்டிக்கொடுப்பதும் பி செல்களின் வேலை. இரண்டும் சேர்ந்து போகின்றன; அடங்கியிருந்த வைரஸ் மீண்டும் எழக்கூடும். 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இம்மருந்தின் மேல் கட்டமிட்ட எச்சரிக்கை போட்டது இதற்காகத்தான்.

ஆகவே பழைய தொற்றையும் காட்டும் எதிர்ப்பொருள் சோதனையான ஆன்டி-ஹெச்பிசி 'டோட்டல்' சேர்த்துக் கேளுங்கள். 'டோட்டல்' என்று எழுதாவிட்டால் லேபில் புதிய தொற்றைக் காட்டும் ஐஜிஎம் வகையை மட்டும் பார்த்துவிடக்கூடும்; பழைய தொற்றில் அது நெகட்டிவாகவே வரும். ஐவிஐஜி (தானமாகப் பெற்ற ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருள் மருந்து) ஏற்றுவதாக இருந்தால் அதற்கு முன்பே ரத்தம் எடுங்கள், இல்லையேல் தானம் தந்தவர்களின் எதிர்ப்பொருளே பாசிட்டிவ் காட்டும். பாதுகாப்பு தரும் எதிர்ப்பொருளான ஆன்டி-ஹெச்பிஎஸ் இருக்கிறதே என்ற ஆறுதலும் வேண்டாம். சிகிச்சையின்போது அது சரியக்கூடும்.

ஹெச்பிஎஸ்ஏஜி, ஆன்டி-ஹெச்பிசி இரண்டில் எது பாசிட்டிவானாலும் வைரஸ் டிஎன்ஏ அளவு பார்த்து, முதல் டோஸுக்கு முன்பே வைரஸை அடக்கும் மாத்திரையான என்டெகாவிர் 0.5 மி.கி. அல்லது டெனோஃபோவிர் 300 மி.கி. தினமும் கொடுங்கள். என்டெகாவிர் வெறும் வயிற்றில்: சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் முன். சிறுநீரகம் பழுதென்றால் டோஸ் மாறும். லாமிவுடின் வேண்டாம், வைரஸ் எளிதில் அதை மீறிவிடும்.

பெரிய தவறு நிறுத்துவதில்தான். கடைசி ரிட்டுக்சிமாப்போடு மாத்திரையும் நின்றுபோகிறது. பி செல்கள் திரும்பவோ பல மாதங்கள் ஆகும். அதற்குள் வைரஸ் கல்லீரல் முழுக்கப் பெருகிவிடும்; எதிர்ப்புச் செல்கள் மீண்டதும் ஒரே மூச்சில் தாக்க, காமாலை வரும். அதைக் கீமோவின் பக்கவிளைவென்று எண்ணி நாள் கடத்துவதும் உண்டு. கடைசி டோஸுக்குப் பின் குறைந்தது 12 மாதம், முடிந்தால் 18 மாதம் தொடருங்கள். நிறுத்திய பிறகும் ஓராண்டுக்கு 3 மாதத்துக்கொருமுறை எஸ்ஜிபிடியும் (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தச் சோதனை) வைரஸ் டிஎன்ஏவும் பாருங்கள். நிறுத்தும் தேதியை டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே எழுதிக் கொடுங்கள். அடுத்துப் பார்ப்பவர் வேறு மருத்துவராக இருக்கலாம்.

இப்படிக்கு,
கல்லீரல் நோய் மருத்துவர்கள்