கண்ணீர் அஞ்சலியில் இடம் இல்லாதது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற மாதம் தங்கள் நாளிதழில் எங்கள் அம்மாவுக்குக் கண்ணீர் அஞ்சலி விளம்பரம் வந்தது. படம், வயது 93, இறைவனடி சேர்ந்த நாள், நேரம். அதன் கீழே மகன்கள், மருமகள்கள், மகள், மருமகன், பேரன் பேத்திகள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் படிப்போ வேலையோ இருந்தது: பனியன் கம்பெனி, மென்பொருள், ஓய்வு பெற்ற ஆசிரியை (அது நான்). அம்மாவுக்கு மட்டும் தொழில் போடவில்லை. விளம்பரத்துக்குச் சென்டிமீட்டர் கணக்கில் காசு. கடிதத்துக்கு அது இல்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அம்மாவின் தொழில் விவசாயம். காங்கேயத்துக்குத் தெற்கே, வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டாங்காடு எங்கள் பூமி. அவர் கல்யாணமாகி வந்த காலத்தில் கிணற்றில் கவலைதான், அதாவது மாடு பூட்டித் தண்ணீர் இறைப்பது. அப்பா மாடு ஓட்டுவார். வரும் தண்ணீரைப் பாத்தி பாத்தியாகத் திருப்புவது அம்மா. பிறகு மோட்டார் வந்தது. மோட்டாருக்குக் கரண்ட் வருவதோ நடுச்சாமத்தில். லாந்தரும் மண்வெட்டியுமாக அம்மா காட்டுக்குள் போவார். காலையில் நாங்கள் எழும்போது பால் கறந்து, சாணி அள்ளி, கம்மஞ்சோறும் ஆக்கியிருக்கும். எப்போது தூங்கினார் என்று சின்ன வயதில் எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை.

தண்ணீர் கொஞ்சம், மழை அதைவிடக் கொஞ்சம் என்கிற ஊரில் குடும்பத்தைக் காப்பாற்றியது கொறங்காடு. கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர விட்டு, மாடுகளையும் ஆடுகளையும் உள்ளேயே மேயவிடுகிற நிலம் அது. எந்தக் காட்டில் புல் ஆறியிருக்கிறது, எந்தக் கடவை இன்றைக்குத் திறக்கலாம் என்பதெல்லாம் அம்மாவின் முடிவு. பால் கணக்கைச் சாளை என்கிற எங்கள் தோட்டத்து வீட்டின் சுவரில் கரிக்கோடுகளாகப் போட்டு வைப்பார். பள்ளிக்கூடத்துப் படியேறாதவர், ஆனாலும் வெண்ணெய் வாங்க வரும் வியாபாரி அந்தச் சுவரை மீறி ஒரு வார்த்தை பேச முடியாது. ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பேர் ஊரெல்லாம் தெரியும். சுற்றுவட்டாரத்தில் அந்த மாதிரி வெண்ணெயைக் கடைந்த கைகளைப் பற்றி யார் எழுதினார்கள்? நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனது அந்த வெண்ணெய்க் காசில்தான். பொட்டப் புள்ளைக்கு எதுக்கு என்று கேட்ட உறவுக்காரர்களுக்கு அம்மா பதிலே சொல்லவில்லை, பணத்தைக் கட்டிவிட்டு வந்தார்.

விதையும் அவர் பொறுப்பு. கம்பறுக்கும்போதே கதிர்களைப் பார்த்து எடுத்துத் தனியாக வைத்துவிடுவார், விலைக்குப் போகிற மூட்டையில் அது கலக்காது. துவரைக்கும் அவரைக்கும் செம்மண்ணைக் கரைத்துப் பூசிக் காயவைப்பார். சுரை, பூசணி விதைகளைச் சாணியில் பொதிந்து சுவரில் அடித்துவிடுவார். மிச்சமுள்ளதற்குச் சாம்பலும் வேப்பந்தழையும். அமாவாசைக்கு அமாவாசை எல்லாம் வெயிலுக்கு வரும். பிற்காலத்தில் கடையில் பாக்கெட் விதை வாங்கிய என் தம்பியைப் பார்த்து, "பொறந்த ஊட்டுல இருந்து கொண்டாந்த வெதை கண்ணு, இது காசு குடுத்தா வராது" என்பார். தம்பி இரண்டையும் விதைத்தான். பாக்கெட் விதைதான் அதிகம் விளைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்காக அம்மா தன் விதையைக் கைவிடவில்லை, அவ்வளவே.

ஒன்றைக் கட்டாயம் எழுத வேண்டும். 1970-இல் பம்புசெட் மின்கட்டணத்தை யூனிட்டுக்கு எட்டுப் பைசாவிலிருந்து பத்துப் பைசாவாக உயர்த்தியபோது கோவைப் பக்கத்து விவசாயிகள் கிளம்பினார்கள். பெருமாநல்லூர் துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் உயிர்விட்டார்கள். 1972-இல் விவசாயிகள் சங்கத்து நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகள் கோவை நகரத்துக்குள் நுழைந்த கதையைத் தங்கள் வாசகர்களில் மூத்தவர்கள் கண்ணால் கண்டிருப்பார்கள். எங்கள் வண்டியும் போனது. வண்டியோடு எருதுகளும் போய்விட்டன. ஆடிப்பட்டம் நெருங்குகிற சமயம். ஏரைப் பெண்கள் தொடக்கூடாது என்பது அன்றைய வழக்கம். அம்மா பக்கத்துத் தோட்டத்து எருதுகளை இரவல் வாங்கி, ஆளைப் பிடித்து உழவு ஓட்ட வைத்து, தானே பின்னால் நடந்து கம்பு விதைத்தார். பிற்பாடு சங்கக் கூட்டங்களில் அப்பாவுக்குப் பச்சைத் துண்டு போர்த்தினார்கள். அது நியாயமானதுதான், அவர் தடியடி பட்டவர். அந்த வருஷத்துக் கம்பைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

பட்டா அப்பா பெயரில் இருந்தது. அவர் காலமான பிறகு கூட்டுப்பட்டாவில் அம்மா பெயரும் ஏறியது. 2019-இல் மத்திய அரசு விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் என்று அறிவித்து, முதல் தவணை இரண்டாயிரம் அம்மா கணக்கில் விழுந்தபோது அவருக்கு எண்பத்தைந்துக்கு மேல். அரசாங்கக் காகிதம் ஒன்று அவரை விவசாயி என்று ஒத்துக்கொண்டது அப்போதுதான். "ஒரு மூட்டை புண்ணாக்குக்குச் செரியாப் போச்சு" என்றார். அடுத்து ரேகை வைக்கச் சொன்னார்கள். இயந்திரத்தில் பத்து விரலும் மாற்றி மாற்றி வைத்தும் விழவில்லை, எல்லாம் தேய்ந்திருந்தன. ரேஷன் கடையிலும் இதே பாடு. உழைத்த கைக்கு ரேகை இருக்காது என்பது அந்த இயந்திரத்தைச் செய்தவர்களுக்குத் தெரியாது போலும்.

நாட்டில் சாகுபடிப் பண்ணைகளின் எண்ணிக்கையில் சுமார் 14 சதவீதத்தையே பெண்கள் நடத்துவதாக 2015-16 வேளாண் கணக்கெடுப்பு சொல்கிறது. நிலம் பேரில் இல்லாவிட்டாலும் விவசாயம் செய்கிற பெண்ணுக்கு விவசாயி என்று சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் பதவிக்காலம் முடிந்ததோடு அது காலாவதியானது. அது சட்டமாகவில்லை என்பதில் எனக்குக் கோபம் உண்டு. கோவை மாவட்டத்து இயற்கை விவசாயி தேக்கம்பட்டி பாப்பம்மாளுக்கு 2021-இல் பத்மஸ்ரீ அறிவித்த செய்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நூறு வயதைத் தாண்டியவர் என்றதும், "அப்ப எனக்கு இன்னும் நேரமிருக்குதில்ல" என்று சிரித்தார்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். வேளாண் பக்கத்துக்குத் தோட்டம் தோட்டமாகப் போகும் தங்கள் நிருபர்கள், காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகிற அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்து, எந்த விதை, எத்தனை படி, எந்த மாட்டுக்கு எவ்வளவு பால் என்று கேட்டால் நல்லது. கேட்டால் சொல்வார்கள்.

அம்மாவின் நாட்டு அவரை, கம்பு, சுரை விதைகள் என்னிடம் இருக்கின்றன. காங்கேயம், தாராபுரம் பக்கத்து வாசகர்கள் ஆடிப்பட்டத்துக்கு வேண்டுமென்றால் ஆசிரியர் வழியாகக் கேட்கலாம். பணம் வேண்டாம். ஒரு படி வாங்கினால் விளைந்ததும் இரண்டு படியாகத் திருப்பித் தர வேண்டும், அம்மா வைத்திருந்த கணக்கு அது. வசூலுக்கு நானே வருவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
காங்கேயம் வட்டம்.